கூப்பிட்டால் வரும் சாறு

குருமே ஸ்டேஷனில் ரயில் கதவு திறந்ததும் சுமியேவை வரவேற்றது ஊர் இல்லை, ஊரின் வாடைதான். பன்றி எலும்பு கொதிக்கிற வாடை. ஊர்க்காரர்கள் எங்களுக்கு அது வாடையே இல்லை. கேட்டால் காற்று என்று சொல்வோம். பாதி வாழ்க்கையைத் தோக்கியோவில் கழித்துவிட்டு வந்தவளை அது நேராகப் பள்ளிக்கூட வயதில் கொண்டுபோய் நிறுத்தியது. அக்கா கினுயோவும் அத்தான் ரியோஹேயும் அப்போது இதே ஸ்டேஷன் வாசலில் தள்ளுவண்டியில் ராமென், எலும்புச் சாற்றில் நூடுல்ஸ், போட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளி விட்டு வந்ததும் வண்டிக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்துதான் சுமியே வீட்டுப்பாடம் எழுதுவாள். மறுநாள் வகுப்பில் பக்கத்துப் பெண்கள் பெஞ்சை நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள். 'எலும்புக்காரி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்த வாடைக்குப் பயந்துதான் அவள் ஊரை விட்டே ஓடினாள்.

ஓடியவள் போய்ச் சேர்ந்ததும் ஒரு ராமென் கடையில்தான். அதைத் தலையெழுத்து என்பதா, என்ன என்பது? ஆனால் அது தோக்கியோ ராமென். கோழி எலும்பும் காய்ந்த நெத்திலியும் போட்ட தெளிந்த சாறு, அதில் சோயா சாஸ். கிண்ணத்தின் அடியில் வரைந்திருக்கும் பூ தெரிய வேண்டும். கொதிக்க விட்டால் கலங்கிவிடும் என்று அடுப்பை விட்டு நகரவே மாட்டார்கள். கடை மூடும்போது மிச்சச் சாற்றைக் கொட்டி, பானையைத் தேய்த்து, அதில் தன் முகம் தெரிந்தால்தான் வீட்டுக்குப் போகலாம். வாடை இல்லாத ராமென். சுமியேவுக்கு அது மரியாதையான தொழிலாகப் பட்டது.

இப்போது கினுயோ தன் கடை அடுக்களையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கடையில் ஒகுபோ ஒருவன்தான். முப்பதைத் தாண்டிய தாட்டியான ஆள். கதவில் நுழையும்போது கொஞ்சம் ஒருக்களித்துத்தான் நுழைவான். சுமியே லீவு போட்டுவிட்டு உதவிக்கு வந்திருந்தாள்.

"வாங்க தோக்கியோ அக்கா," என்றான் ஒகுபோ. "பாத்தீங்களா கூத்த? காலமெல்லாம் எலும்ப ஒடச்சவங்க. அது பழி வாங்கிருச்சு."

"எனக்கு ராமென் தெரியும். என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு," என்றாள் சுமியே.

"தெரியுங்கிறதுதான்க்கா கஷ்டம். தெரியாதவங்களா இருந்தா சீக்கிரம் கத்துக்குவாங்க."

அவன் சொன்னது அன்றைக்கே பலித்தது. பன்றித் தலைகளைப் பிளந்து, தண்ணீரில் ஊறவைத்து, ரத்தம் போகக் கழுவ வேண்டும். சுமியே கத்தியைத் தூக்கினாள், தலையோ அவளைப் பார்த்தது. "மூஞ்சியப் பாக்காதீங்க, பாத்தா பேசத் தோணும்," என்றான் ஒகுபோ. பிறகு முட்டி எலும்பு, முதுகெலும்பு எல்லாம் இரும்புக் கொப்பரையில் ஏறின. முதல் கொதியில் வரும் கறுப்பு நுரையை வழித்து எடுத்தாள். அதுவரைக்கும் தோக்கியோவும் குருமேயும் ஒன்றுதான். அதற்குப் பிறகு அவள் பழக்கதோஷத்தில் தீயை அடக்கி வைத்தாள்.

ஒகுபோ எட்டிப் பார்த்தான். "என்னக்கா, பிள்ளையத் தூங்கவைக்கிற தீயா வச்சிருக்கீங்க? ஏத்துங்க. கொப்பரை கத்தணும்."

"கலங்கிடுமே!"

"கலங்கத்தானே வச்சிருக்கு!"

கொப்பரை கத்தியது. எலும்பு உருண்டு மோதி, மஜ்ஜை கரைந்து, தண்ணீர் பாலாக மாறியது. அடி பிடிக்காமல் ஆளுயரத் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். சுமியேவின் தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. சாறு பதம் வந்துவிட்டதா என்று அவள் கரண்டியில் எடுத்துப் பார்த்தாள். ஒகுபோ பார்க்கவே இல்லை, மறுபக்கம் திரும்பி வெங்காயத்தாள் அரிந்துகொண்டே காதால் கேட்டான். "இன்னும் சலசலங்குது. தண்ணியாத்தான் இருக்கு. பதம் வந்தா பொத்துப் பொத்துன்னு பேசும்."

கிண்ணத்தைச் சுடுநீரில் கழுவிச் சூடாக்கி, சோயாக் கலவை ஊற்றி, சாறு ஊற்றி, நூடுல்ஸை உதறி மடித்துப் போட்டு, மேலே பன்றி இறைச்சித் துண்டு, வெங்காயத்தாள், கடற்பாசித் தாள். இதையெல்லாம் அவள் கை கண்ணை மூடிக்கொண்டு செய்யும். ஆனால் இங்கே நூடுல்ஸ் தலைமுடி மாதிரி மெல்லிசு. வெந்நீரில் விழுந்த கையோடு எடுத்துவிட வேண்டும். டாக்ஸி ஓட்டும் கிழவர் ஒருவர் முதல் நாளே கிண்ணத்தைத் திருப்பித் தள்ளினார். "இது கஞ்சிம்மா. எனக்குப் பல்லு இருக்கு. கம்பி மாதிரி குடு."

இதையெல்லாம் கற்றுக்கொண்டு விடலாம். புரியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அன்றைய சாறு எவ்வளவு விற்றாலும் ஒகுபோ கொப்பரையின் அடிச்சாற்றைத் தொடவே விட மாட்டான். அடுத்த நாள் புது எலும்பும் புதுத் தண்ணீரும் அந்தப் பழையதன் மேலேயே ஏறும். கழுவுவது என்ற பேச்சே கிடையாது.

"இதத்தான் கூப்பிடுறதுன்னு சொல்லுவோம்," என்றான். "பழைய சாறு உள்ள இருந்து புதுசக் கூப்பிடும். 'வா, இப்படித்தான் ருசிக்கணும்'னு சொல்லிக் குடுக்கும். நம்ம வெறும் தீ போடுற ஆளு. இந்தக் கொப்பரையில இருக்கிற சாறு உங்க அக்கா தள்ளுவண்டியில வச்சிருந்த சாறு. இன்னும் காலியாகல."

சுமியே துடுப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். முக்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பெண்ணின் மேல் ஆவி அடித்த அதே சாறு இதற்குள் எங்கோ இருக்கிறது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். புகை என்று சொல்லிச் சமாளித்தாள்.

அந்தச் சாற்றின் கதை எங்கள் தெருவுக்கே தெரியும். கினுயோவும் ரியோஹேயும் கடை பிடித்து நன்றாக வந்தபிறகுதான் முட்டிக்கொண்டார்கள். அவர் வாடையைக் குறைத்து வெளியூர்க்காரர்களை இழுக்கலாம் என்றார் என்று ஒரு கதை. கினுயோவின் வாயைத் தாங்க முடியவில்லை என்று இன்னொரு கதை. இரண்டிலும் உண்மை இருக்கும். பிரியும்போது கடை, வீடு எதையும் ரியோஹே கேட்கவில்லை. ஒரே ஒரு வாளி சாறு மட்டும் கேட்டார். கினுயோ தன் கையாலேயே மொண்டு ஊற்றினாள். அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஊரை விட்டு, ஆற்றோரமாகவே கிழக்கே தள்ளி இருக்கும் ஹிதாவுக்குப் போய்க் கடை போட்டார். அதற்கப்புறம் கினுயோவின் கடையில் ரியோஹே என்ற பெயரை யாரும் எடுத்ததில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனால் கினுயோ தங்கையிடம் நலம் விசாரிக்க மாட்டாள். "கையக் குடு," என்பாள். சுமியேவின் சட்டைக் கையை மூக்கில் வைத்து இழுப்பாள்.

"நேத்துத் தீ கம்மி."

"எப்படிக்கா தெரியுது?"

"என் புருஷன விட அதுகூடத்தான்டி ரொம்ப நாள் குடும்பம் நடத்துறேன். தெரியாதா?"

ஒருநாள் முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையை விட்டாள். சுமியேவுக்கு மெடல் வாங்கிய மாதிரி இருந்தது. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நர்ஸ் சொன்னாள். "வந்ததும் மொதல்ல கொப்பரை மூடியத்தான் தெறப்பேன், உன் மூஞ்சிய அப்புறந்தான் பாப்பேன்," என்றாள் கினுயோ.

அந்த வாரம் கடை விடுமுறை நாளில் சுமியே ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஒகுபோ வெளியே கிளம்பிக்கொண்டிருந்தான். கடைவாய்ப் பல் வீங்கி, கன்னம் பணியாரமாக உப்பியிருந்தது. பல் டாக்டரிடம் ஓடுகிறான். கொப்பரையில் புது எலும்பு ஏறியிருந்தது.

"அந்த மூடி போட்ட பானைய மட்டும் ஒதுக்கிருங்கக்கா!" என்று வாசலிலிருந்தே கத்திவிட்டுப் போனான்.

இங்கேதான் வந்தது வினை. எங்கள் ஊரில் 'ஒதுக்குவது' என்றால் ஒரு பொருளை எடுத்து அதனுடைய இடத்தில் பத்திரமாக வைப்பது. தோக்கியோவில் அதே சொல்லைச் சொன்னால் கெட்டுப்போனதைச் சரிசெய்வது, பழசைக் களைந்து புதிதாக்குவது. குருமேயில் பிறந்தவள்தான் சுமியே. அவள் நாக்கும் காதும் எப்போதோ தோக்கியோவுக்குக் குடிபோய்விட்டன.

மேடையில் இருந்த அந்தப் பானையைத் திறந்தாள். கறுத்த பழுப்பில், ஏடு கட்டி, புளித்த நாற்றத்தோடு ஏதோ கூழ் மாதிரி கிடந்தது. பழைய சாறு கொப்பரையில்தானே இருக்கிறது, இது ஏதோ கெட்டுப்போன மிச்சம் என்று நினைத்தாள். கொட்டினாள். வெந்நீர் விட்டாள். தேய்த்தாள். முகம் தெரியும் வரைக்கும் தேய்த்தாள். ஒகுபோ வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று ஜன்னலோரம் வெயில் படுகிற மாதிரி கவிழ்த்து வைத்தாள்.

ஒகுபோ அசந்துதான் போனான். வாய் மரத்துப்போயிருந்ததால் முதலில் அவன் சொன்னது எதுவும் விளங்கவில்லை. கொப்பரையின் அடியில் பிடித்திருந்ததைச் சுரண்ட வேண்டியிருந்ததால், காலையில் பழைய தாய்ச்சாறு முழுவதையும் அந்தப் பானைக்கு மாற்றியிருந்தான். கொப்பரையில் இருந்தது வெறும் எலும்பும் தண்ணீரும்தான்.

"ஒதுக்கச் சொன்னேனேக்கா..."

"ஒதுக்கிட்டேனேடா!" என்றாள் சுமியே.

அப்புறம்தான் அவளுக்கு அந்தச் சொல் காதில் சரியாக விழுந்தது. கினுயோவின் வாயிலிருந்து சின்ன வயதில் ஆயிரம் தடவை கேட்ட சொல். புத்தகத்த ஒதுக்கு, செருப்ப ஒதுக்கு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்குப் பிள்ளை கிடையாது, புருஷனும் கிடையாது. மிச்சம் இருந்தது அந்தச் சாறுதான். அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் பானையைப் பளபளவென்று வேறு வைத்திருக்கிறாள்.

"புதுசா வச்சா வராதா?"

"வரும். எனக்கு முடி நரைக்கிறப்போ வரும்," என்றான் ஒகுபோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "அந்தச் சாறு இன்னொரு எடத்துல இருக்குக்கா. ஆனா இந்தக் கடைக்குள்ள நின்னுக்கிட்டு அந்தப் பேரச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

மறுநாள் காலை சுமியே ஒகுபோ தந்த பால்கேனைத் தூக்கிக்கொண்டு ஹிதா ரயில் ஏறினாள்.

ரியோஹேயின் கடை ஆற்றைப் பார்த்த சின்னக் கடை. அவர் தலையில் முடி இல்லை. ஆனால் துடுப்பு பிடித்து நிற்கிற நிலை அப்படியே இருந்தது, ஒரு காலை மடக்கி. பார்த்ததுமே அவள் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "அத்தான்."

அவர் திரும்பிப் பார்த்தார். "எலும்புக்காரி," என்றார்.

அவள் விஷயத்தைச் சொல்லிச் சாறு கேட்டதும் அவர் முகம் இறுகியது. "அவ கேக்கச் சொன்னாளா?"

ஆமாம் என்று சொன்னால் உடனே கொடுத்துவிடுவார் என்று சுமியேவுக்குத் தோன்றியது. சொல்ல வாயையும் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை. "இல்லத்தான். அவளுக்குத் தெரியாது. நான்தான் கொட்டிட்டேன்."

"கொட்டிட்டியா? எங்க?"

"சாக்கடையில."

"அம்புட்டுமா?"

"அம்புட்டும். கழுவித் தேச்சு வெயில்ல வேற காயவச்சேன்."

ரியோஹே சிரிக்க ஆரம்பித்தார். துடுப்பைச் சாய்த்து வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சுமியேவுக்கு அழுகை வந்துவிட்டது. "சிரிக்காதீங்கத்தான். சனிக்கிழமை அவ வந்து மூடியத் தெறந்தா நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

அவர் உள்ளே போய், பரண் மேலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்து வந்தார். நீல எனாமல். அடியில் ஓரிடத்தில் எனாமல் பெயர்ந்திருந்தது. சுமியேவுக்கு அதைத் தெரியும். தள்ளுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்த வாளி. அவள் காலில் விழுந்து அடிபட்ட வாளி. அது எங்கே என்று ஒருமுறை கேட்டதற்குத் தொலைந்துபோய்விட்டது என்று கினுயோ சொல்லியிருந்தாள்.

"வெள்ளம் வந்த வருஷம் என் கொப்பரையும் முங்கிப்போச்சு," என்றார் ரியோஹே. "சேறுதான் இருந்துச்சு உள்ள. கடைய மூடிறலாம்னு உக்காந்திருந்தேன். யாருகிட்டயும் கேக்கல. மறுபடி ரயில் ஓட ஆரம்பிச்ச அன்னைக்கு உங்க அக்கா இந்த வாளியோட எறங்கி வந்தா. உள்ள வரல, வாசல்ல வச்சா. 'உன் மூஞ்சிக்காக வரல, சாறு சாகக் கூடாதுன்னு வந்தேன். வெளிய சொன்னா இருக்கு உனக்கு'ன்னா. அடுத்த ரயில்லயே போயிட்டா."

"வாளிய ஏன் திருப்பித் தரல?"

"வெறும் வாளிய எப்படிம்மா குடுக்கிறது? நெறச்சுக் குடுக்கணும்னா அதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல?" அவர் கொப்பரையின் அடியிலிருந்து மொண்டு மொண்டு வாளியை நிரப்பினார். "உன் பால்கேன் வேணாம். இதுல கொண்டு போ. இது அவளோடது."

திரும்பும் ரயிலில் மூடியை மீறி வாடை பெட்டி முழுக்கப் பரவியது. சீருடை போட்ட இரண்டு பெண்பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனார்கள். சுமியே வாளியை மடியில் வைத்து அணைத்துக்கொண்டாள். எதிரே காய்கறிக் கூடையோடு இருந்த அம்மாள், "நல்ல சாறாச்சே, எந்தக் கடை?" என்று கேட்டாள்.

"எங்க அக்கா கடை," என்றாள் சுமியே. இதைச் சொல்ல இத்தனை வருடம் பிடித்ததே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஆறு கூடவே வந்துகொண்டிருந்தது.

புது எலும்பின் மேல் ஹிதா சாறு இறங்கியது. சனிக்கிழமை வரைக்கும் சுமியேவும் ஒகுபோவும் மாற்றி மாற்றிக் கிண்டினார்கள். முதலில் சலசலத்தது, பிறகு முனகியது, கடைசியில் பொத்துப் பொத்தென்று பேசியது. ஆஸ்பத்திரிப் பக்கம் சுமியே போகவே இல்லை. ஜலதோஷம் என்று சொல்லி அனுப்பினாள்.

கினுயோ கோல் ஊன்றி உள்ளே வந்தாள். சொன்னபடி யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூடியைத் திறக்கச் சொன்னாள். ஆவியில் முகத்தைக் காட்டியபடி நின்றாள். பிறகு சுமியேவின் கையை இழுத்து முகர்ந்தாள்.

"யாருடி வந்திருக்கிறது?" என்றாள்.

ஒகுபோ வெங்காயத்தாளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான். கினுயோ ஒரு கரண்டி வாங்கி, ஊதி, வாயில் வைத்தாள். "இது ஹிதா தண்ணி."

"நான் கொட்டிட்டேன்க்கா," என்றாள் சுமியே. "ஒதுக்கச் சொன்னான், நான் தோக்கியோ மாதிரி ஒதுக்கிட்டேன். அத்தான்கிட்டப் போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தேன். என்ன வேணாலும் திட்டு."

திட்டு வரவில்லை. கினுயோவின் பார்வை அலமாரியில் இருந்த நீல வாளியில் போய் நின்றுவிட்டிருந்தது. கோலை மாற்றிப் பிடித்து நடந்துபோய் அதை எடுத்தாள். எனாமல் பெயர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"எப்படி இருக்கான்?"

"முடியெல்லாம் போயிருச்சு."

"முடி கெடக்கு. திமிரு போச்சா?"

"போன மாதிரிதான் இருக்குக்கா. வெறும் வாளியக் குடுக்க மனசு வரலன்னார். அதான் இத்தன வருஷம் வச்சிருந்தாராம்."

கினுயோ முகத்தைக் கொப்பரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆவி நிறைய வந்துகொண்டிருந்தது. அவளும் புகை என்றுதான் சொல்லியிருப்பாள், யாரும் கேட்கவில்லை. வாளியைத் தூக்கிப் பார்த்தாள். கைப்பிடியின் ஒரு பக்கம் கழன்று ஆடியது. தங்கையிடம் நீட்டினாள்.

"இத ஒதுக்கிரு."

சுமியே வாங்கிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. ஒருமுறை சூடுபட்டவள் அல்லவா. "எந்த ஊரு ஒதுக்குறதுக்கா? எடுத்து வைக்கவா, சரி பண்ணவா?"

கினுயோ கழன்ற கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினாள்.

"ரெண்டும்தான்டி," என்றாள். "கால் நேரானதும் நெறச்சு எடுத்துட்டுப் போகணும்."